எந்தத் தாளைப் படிச்சே, மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. பில்ட் உடைஞ்சு போச்சுன்னு கேக்காமலே தெரியுது. ஸ்க்ரீன் நிறைய எரர் கொட்டியிருக்கும், நீ கடைசி வரியைப் படிச்சிட்டு நேரா இங்க வந்திருப்பே. பெரிய படிப்புப் படிச்ச பிள்ளைங்க எப்பவும் கடைசி வரியைத்தான் படிக்கும். சி மொழியில முடியைத் தொலைச்சிட்டு ஊர்ல வரப்பு வெட்டிக்கிட்டுக் கிடக்குற எங்களை மாதிரி ஆளுங்கதான் முதல் வரியைப் படிப்போம். வயசாயிடுச்சுல்ல, கடைசி வரைக்கும் போறதுக்குத் தெம்பு பத்தாது.

"நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலை மாமா"ங்கிறே. நம்புறேன். நீ மாத்தலை, மிஷின் மாறிடுச்சு. இத்தனை வருஷமா உங்க கோடு சென்ட்ஓஎஸ் 7-ல ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்கு 2024 ஜூன் 30-ஓட ஆதரவு முடிஞ்சது. யாரோ ஒரு புண்ணியவான் உபுண்டு 22.04 போட்ட மிஷினைக் கையில கொடுத்து, "சும்மா ஒரு ரீகம்பைல்தான் தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பார். அந்தப் பழைய மிஷின்ல இருந்தது ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2. இந்தப் புது மிஷின்ல இருக்கிறது 3.0. நடுவுல 1.1-ன்னு ஒண்ணு 2016 ஆகஸ்ட்ல வந்து, ஊரையே புரட்டிப் போட்டுட்டு, ஆண்டு அனுபவிச்சு, 2023 செப்டம்பர்ல கண்ணையும் மூடிடுச்சு. உங்க கோடுக்கு அந்தச் சேதியே எட்டலை. அது பாட்டுக்குத் தூங்கியிருக்கு. அதை எழுப்பிவிடத்தான் உனக்குச் சம்பளம்.

சரி, முதல் வரியைக் காட்டு. "டீரெஃபரன்சிங் பாயின்டர் டு இன்கம்ப்ளீட் டைப்." அடுத்தது? "ஸ்டோரேஜ் சைஸ் தெரியலை." ஆகா, ரெண்டும் கூடப் பொறந்ததுதான். இதைப் பார்த்ததும் நீ என்ன பண்ணினேன்னு நானே சொல்லவா? அந்த வரியில ஒரு காஸ்ட் போட்டுப் பார்த்தே. போகலை. ஸ்டாரை எடுத்துப் பார்த்தே, ஆம்பர்சண்ட் வெச்சுப் பார்த்தே. அதுக்கும் மசியலை. அப்புறம் டீ குடிக்கப் போனே. அது ஒண்ணுதான் உருப்படியான காரியம்.

கம்பைலர் உன் ஃபைலோட 212-ஆவது வரியைக் கைகாட்டுதுன்னா தப்பு அந்த வரியிலதான் இருக்குன்னு யார் சொன்னா? அது இடிச்சுக்கிட்ட இடம், அவ்வளவுதான்.

பத்திரம் தெரியுமில்ல? நிலம் வாங்கினா எழுதுவாங்களே, அந்தப் பத்திரம். ஹெட்டர்ங்கிறது அந்தப் பத்திரம், லைப்ரரிங்கிறது நிலம். கம்பைலர் இருக்கானே, அவன் ஆயுசுல நிலத்தை எட்டிப் பார்த்ததே கிடையாது. பத்திரத்தை மட்டும் படிப்பான். "கிழக்கெல்லையிலிருந்து நாற்பதாவது அடியில கிணறு"ன்னு பத்திரம் சொன்னா, கண்ணை மூடிக்கிட்டு நாற்பதாவது அடியில வாளியை இறக்குறதுக்கு உத்தரவு எழுதி வெச்சிடுவான். லிங்க்கர் கொஞ்சம் பரவாயில்லை, நிலத்து வாசல் வரைக்கும் போவான். போய், பத்திரத்துல இருக்கிற பேர் அங்க இருக்கான்னு மட்டும் கேட்டுட்டுத் திரும்பிடுவான். பேர் இருந்தாப் போதும், அளந்தெல்லாம் பார்க்க மாட்டான். சி மொழியில அளவுங்கிற சமாச்சாரம் பேரோட ஒட்டிக்கிட்டு வர்றதில்லை. அப்ப வாளியை இறக்கிப் பார்க்கிறது யாரு? ஓடுற ப்ரோக்ராம்தான். அதுவும் வாடிக்கையாளர் சர்வர்ல, நீ நல்லாத் தூங்கிக்கிட்டிருக்கிற நேரமாப் பார்த்து.

1.0.2 காலத்துப் பத்திரத்துல எல்லாமே வெட்டவெளிச்சமா இருந்துச்சு. ஆர்எஸ்ஏ ஸ்ட்ரக்டுக்குள்ள என்னென்ன இருக்கு, எந்த வரிசையில இருக்கு, எல்லாம் போட்டிருக்கும். உங்க ஆபீஸ்ல அந்தக் காலத்துல எழுதினவர் நேரா உள்ள புகுந்து, அம்புக்குறி போட்டு, சாவியோட 'என்'னையும் 'ஈ'யையும் பறிச்சுக்கிட்டு வந்தார். எல்லாரும் அப்படித்தான் பறிச்சோம். ஓபன்எஸ்எஸ்எல் ஆளுங்களுக்கு அது பெரிய தலைவலியாப் போச்சு. உள்ள ஒரு ஃபீல்டைக் கூட்டினாலோ குறைச்சாலோ, வெளியில இருக்கிற அத்தனை ப்ரோக்ராமும் இடம் மாறி வாளி இறக்கும். அதனால 1.1.0-ல வேலி போட்டுட்டாங்க. புதுப் பத்திரத்துல "ஆர்எஸ்ஏன்னு ஒண்ணு உண்டு, உள்ள இருக்கிறது உனக்கு வேண்டாம், வேணுங்கிறதைக் கேட்டு வாங்கிக்கோ"ன்னு மட்டும்தான் இருக்கு. கேட்டு வாங்குறதுக்கு ஆர்எஸ்ஏ_கெட்0_கீன்னு ஒரு ஃபங்ஷன் வெச்சிருக்காங்க. 'இன்கம்ப்ளீட் டைப்'னு கம்பைலர் கதறுறது இதுக்குத்தான். உள்ளே என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாதப்ப உன்னை எப்படி உள்ள விடுவான்? அந்த 'ஸ்டோரேஜ் சைஸ்' சமாச்சாரமும் இதேதான். ஈவிபி_எம்டி_சிடிஎக்ஸ்னு ஒரு வேரியபிளை ஃபங்ஷனுக்குள்ள சும்மா அறிவிச்சு வெச்சிருக்கீங்க. எவ்வளவு பெரிசுன்னு தெரியாத பொருளுக்கு அவன் எங்கேருந்து இடம் ஒதுக்குவான்? இனிமே நியூங்கிற ஃபங்ஷனைக் கூப்பிட்டு வாங்கணும், வேலை முடிஞ்சதும் ஃப்ரீயைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கணும்.

இந்த எரரைப் பார்த்து நீ பயப்படுறே. நான் இதுக்குக் கற்பூரம் காட்டுவேன். கம்பைல் பண்றப்பவே கத்துற எரர், ராத்திரி போன் வராம உன்னைக் காப்பாத்துற எரர். இதைச் சத்தம் போடவிடாம வாயைப் பொத்துறவன்தான் நாசமாப் போவான். எப்படிப் பொத்துவாங்க தெரியுமா? பழைய ஹெட்டர்ல இருந்த ஸ்ட்ரக்டை அப்படியே வெட்டியெடுத்து உன் ஃபைல்ல ஒட்டிடுறது. கம்பைலருக்குப் பரம சந்தோஷம், எரர் ஒண்ணுகூட இல்லை. லிங்க்கரும் பேரைப் பார்த்துட்டுத் தலையாட்டிடுவான். ஆனா நிலத்துல கிணறு எப்பவோ இடம் மாறிடுச்சு. உன் வாளி எவன் வீட்டுக் கூரையிலயோ இறங்கும். சில நாள் ஒண்ணும் ஆகாது, அதுதான் கொடுமை. ஆகுறப்ப எரரும் வராது, வரி நம்பரும் வராது, செக்மென்டேஷன் ஃபால்ட்னு ரெண்டே வார்த்தை வரும். இல்லைன்னா அதுகூட இல்லாம தப்பான விடை வரும். நீ என்ன, ஒட்டிட்டியா? தலையைக் குனியாதே, சும்மாதான் கேட்டேன். வீட்டுக்குப் போனதும் அழிச்சிடு.

அடுத்து நீ பண்ணினதையும் சொல்றேன். "எதுக்கு வம்பு, பழைய 1.0.2-வையே கொண்டு வந்துடுவோம்"னு சோர்ஸை இறக்கி, ப்ரீஃபிக்ஸ் /யூஎஸ்ஆர்/லோக்கல்னு கொடுத்து, சூடோ போட்டு மேக் இன்ஸ்டால் அடிச்சிட்டே. இல்லைன்னு தலையாட்டாதே. அந்த ஃபோல்டர்ல எல்எஸ் மைனஸ் எல் போட்டா ஃபைலோட தேதியும் மணியும் தானா வந்து சாட்சி சொல்லும். ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு அந்த மிஷின்ல சூடோ பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆவி வேற எது?

அதுக்கப்புறம் இன்கம்ப்ளீட் டைப் எல்லாம் மாயமாப் போச்சு, நீயும் துள்ளிக் குதிச்சே. ஆனா லிங்க் பண்றப்ப "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்எஸ்எல்_லைப்ரரி_இனிட்"னு புதுசா ஒரு பூதம் கிளம்புச்சு. வேற வியாதின்னு நெனைச்சுப் புது வைத்தியம் தேடப் போனே. அதே வியாதிதான் மாப்ளே, இடம் மட்டும்தான் மாறியிருக்கு.

இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணிக்கோ. எஸ்எஸ்எல்_லைப்ரரி_இனிட்ங்கிறது 1.0.2-ல நிஜமான ஃபங்ஷன். 1.1-லிருந்து அது வெறும் மேக்ரோ, அடியில ஓபன்எஸ்எஸ்எல்_இனிட்_எஸ்எஸ்எல்னு வேற ஃபங்ஷன்தான் வேலை பார்க்குது. ஆகவே, லைப்ரரி_இனிட்டைக் காணோம்னு லிங்க்கர் சொன்னா, நீ படிச்ச பத்திரம் பழசு, போய் நின்ன நிலம் புதுசு. ஓபன்எஸ்எஸ்எல்_இனிட்_எஸ்எஸ்எல்லைக் காணோம்னு சொன்னா பத்திரம் புதுசு, நிலம் பழசு. எது காணாமப் போச்சோ அதுவே எந்தப் பக்கம் பழசுன்னு கோள் சொல்லிடும்.

ஒரே மிஷின்ல, ஒரே நேரத்துல, பத்திரம் ஒரு இடத்துலயும் நிலம் வேற இடத்துலயும் எப்படிக் கிடைச்சதுன்னு கேளு. அங்கதான் வேடிக்கை. தேடுறவங்க மூணு பேர். மூணு பேரும் வேற வேற பாதையில தேடுவாங்க. உபுண்டுவுலயும் டெபியன்லயும், நீ எதுவும் சொல்லலைன்னா, ஹெட்டர் தேடுறவன் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்டை முதல்ல பார்ப்பான், /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டை அப்புறம்தான் பார்ப்பான். லிங்க்கர் அப்படியே தலைகீழ், சிஸ்டத்தோட லைப்ரரி ஃபோல்டரை முதல்ல பார்த்துட்டு லோக்கலுக்குக் கடைசியிலதான் வருவான். ப்ரோக்ராம் ஓடுறப்ப லைப்ரரியை ஏத்துற லோடரோ மறுபடியும் லோக்கல் பக்கம் சாய்வான். மூணு பேருக்கும் ஒரு விதி பொது: முதல்ல கிடைச்சதை எடுத்துக்கிட்டுத் தேடுறதை நிறுத்திடுவாங்க. எது சரின்னு ஒப்பிட்டுப் பார்க்கிறது அவங்க வேலை இல்லை. ஆக, நீ ராத்திரி போட்ட 1.0.2 ஹெட்டரைக் கம்பைலர் எடுத்துக்கிட்டான். உபுண்டுவோட 3.0 லைப்ரரியை லிங்க்கர் எடுத்துக்கிட்டான். ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை. யார் மேல தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அக்கா மகனாச்சே.

"ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷன்னு அடிச்சுப் பார்த்தேன் மாமா, 3.0.2-ன்னுதான் வந்துச்சு"ங்கிறே. அது அந்தக் கமாண்டோட ஜாதகம். உன் கோடு எந்த ஹெட்டரைப் படிச்சதுங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. உன் ஜாதகம் வேணும்னா உன்கிட்டத்தான் கேக்கணும். எப்படின்னு சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல, கம்பைலருக்குப் போற முழுக் கமாண்டையும் பாரு. சிமேக் எழுதின மேக்ஃபைலா இருந்தா வெர்போஸ் ஈக்குவல் டு 1-னு சொல்லி மேக்கை ஓட்டு. மைனஸ் கேப்பிட்டல் ஐ எத்தனை இருக்கு, எந்த வரிசையில இருக்குன்னு பாரு. உங்க ரெப்போவுக்குள்ளயே 'தேர்ட் பார்ட்டி'ன்னு ஒரு ஃபோல்டர்ல எவனோ ஒரு பழைய ஹெட்டரைப் பத்திரமா மூடி வெச்சிருப்பான், அதையும் பாரு. அடுத்து, அதே கமாண்டோட மைனஸ் கேப்பிட்டல் எச் சேர்த்து ஓட்டு. திறந்த ஹெட்டர் ஒவ்வொண்ணையும் முழுப் பாதையோட, எத்தனாவது ஆழத்துல திறந்தான்ங்கிறதுக்குப் புள்ளி வெச்சு, ஜிசிசியே ஒப்பிச்சிடுவான். அதுல வர்ற ஓபன்எஸ்எஸ்எல்வி டாட் எச்சைத் திறந்து பார்த்தா வெர்ஷன் எழுதியிருக்கும். பத்திரம் எதுன்னு தெரிஞ்சு போச்சா? இப்ப நிலம். லிங்க்கருக்கு ட்ரேஸ்னு ஒரு ஆப்ஷன் உண்டு, கொடுத்தா எந்த எந்த லைப்ரரி ஃபைலைத் தொட்டான்னு வரிசையாச் சொல்வான். லிங்க் ஆகி முடிஞ்சதுன்னா எல்டிடி போட்டு, ஓடுறப்ப எதை ஏத்தப் போறான்னு பாரு. மூணு விடையும் ஒரே ஊரைச் சொல்லணும். சொல்லலைன்னா எங்க பிரியுதுன்னு உனக்கே தெரியும்.

இதெல்லாம் சோம்பேறித்தனமா இருந்தா ப்ரோக்ராம்லயே ரெண்டு வரி எழுதிடு. ஹெட்டர்ல இருக்கிற வெர்ஷன் டெக்ஸ்டை ஒரு வரியில அச்சடி, லைப்ரரியைக் கூப்பிட்டு அது சொல்ற வெர்ஷனை அடுத்த வரியில அச்சடி. முன்னது பத்திரம் பேசுறது, பின்னது நிலம் பேசுறது. அந்தக் காலத்து விவரமான ஆளுங்க இதை லைப்ரரிக்குள்ளயே வெச்சுட்டுப் போயிருக்காங்க. இசட்லிப்ல இனிஷியலைஸ் பண்றது ஒரு மேக்ரோ, அது நீ படிச்ச ஹெட்டரோட வெர்ஷனையும் ஸ்ட்ரக்டோட அளவையும் உனக்குத் தெரியாமலே லைப்ரரிக்கு அனுப்பும், ஒத்துவரலைன்னா அது கதவைச் சாத்திடும். லிப்ஜேபெக்கும் அதே ரகம். "லைப்ரரி 80, கூப்பிட்டவன் எதிர்பார்த்தது 62"ன்னு முகத்துக்கு நேராச் சொல்லிடும். எச்டிஎஃப்5 இன்னும் கோவக்காரன், ஹெட்டரும் லைப்ரரியும் ஒத்துப்போகலைன்னா டேட்டா கெட்டுப்போகும்னு ஒரு பிரசங்கம் பண்ணிட்டு ப்ரோக்ராமையே நிறுத்திடுவான். ஓபன்எஸ்எஸ்எச்சோட கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட்டும் ஹெட்டரையும் லைப்ரரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கும். பொருந்தலைன்னா, "உனக்கு அவ்வளவு நம்பிக்கைன்னா இந்தச் சோதனையை நிறுத்திக்கோ"ன்னு அதுக்கான ஆப்ஷனையும் அதுவே சொல்லிக் கொடுக்கும். நிறுத்துறவன் எப்பேர்ப்பட்ட ஆள்னு தெரிஞ்சுக்கிறதுக்காகவே அந்த ஆப்ஷனை வெச்சிருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

வெர்ஷன் நம்பரை மட்டும் நம்பியும் ஏமாந்துடாதே. 2014-ல ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளியானதும் ஓபன்பிஎஸ்டி ஆளுங்க கோவிச்சுக்கிட்டுத் தனிக்குடித்தனம் போய் லிப்ரேஎஸ்எஸ்எல்னு ஒண்ணைத் தொடங்கினாங்க. அதோட ஹெட்டரைக் கேட்டா தன் ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷன் 2.0.0-ன்னு சொல்லும். ஓபன்எஸ்எஸ்எல்லோ 1.1.1-லிருந்து நேரா 3.0-க்குத் தாவிடுச்சு, 2.0-ங்கிற நம்பரை முன்னாடியே தன்னோட ஃபிப்ஸ் மாட்யூலுக்குக் கொடுத்துட்டதால. ஆக, ஓபன்எஸ்எஸ்எல்ல 2.0-னு ஒரு வெர்ஷன் வந்ததே கிடையாது. உங்க கோடுல "1.1-க்கு மேலன்னா புது வழி"ன்னு எழுதியிருந்தா லிப்ரேஎஸ்எஸ்எல் வயசைக் கூட்டிச் சொல்லி உள்ள நுழைஞ்சிடும். நுழைஞ்சப்புறம் பார்த்தா, அதோட பழைய வெர்ஷன்கள்ல அந்தப் புது ஃபங்ஷன் பாதி இருக்காது. அதுக்குத் தனியா ஒரு வெர்ஷன் மேக்ரோ உண்டு, அதையும் சேர்த்துக் கேளு.

இன்னொரு குறுக்கு வழியையும் யாராவது உன் காதுல ஓதுவாங்க. 1.1 கேக்குற ப்ரோக்ராமுக்கு லிப்எஸ்எஸ்எல் 3-ஐயே பேர் மாத்தி சிம்லிங்க் போட்டுக் காட்டுறது. சர்வே நம்பரைப் பேனாவால திருத்துற வேலை அது. உள்ள ஒவ்வொரு ஃபங்ஷன் பேர்லயும் எந்த வெர்ஷன்னு முத்திரை குத்தியிருக்கு. லோடர் அதைப் பார்த்துட்டு, "ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 கிடைக்கலை"ன்னு திருப்பி அனுப்பிடுவான். அனுப்பினா உன் நல்ல நேரம்.

சரி, இப்ப என்ன பண்ணணும்? முதல்ல அந்த லோக்கல்ல இறக்கினதைத் துடைச்சு எடு. அடுத்தது சிமேக். அவன் ஒரு தடவை கண்டுபிடிச்ச பாதையை சிமேக்கேஷ் ஃபைல்ல எழுதி வெச்சுக்கிட்டு அதையே பிடிச்சுத் தொங்குவான். ஹெட்டர் பாதையும் லைப்ரரி பாதையும் அதுல தனித்தனியா இருக்கும், ஒண்ணு புதுசாவும் ஒண்ணு பழசாவும் இருந்தா அவனுக்கு வெக்கமே கிடையாது. பில்ட் ஃபோல்டரை மொத்தமா அழிச்சிட்டுத் திரும்ப ஓட்டு. அதுக்கப்புறம் உன் முன்னாடி ரெண்டு வழி. கோடைத் திருத்தி 3.0-க்குக் கொண்டு வர்றது ஒண்ணு. அம்புக்குறி போட்டுப் பறிக்கிற இடத்துல எல்லாம் கேட்டு வாங்குற ஃபங்ஷன் போடு. பழையது 'டெப்ரிகேட்டட்'னு 3.0 முணுமுணுக்கும், அது வெறும் எச்சரிக்கைதான். உங்க டீம் எச்சரிக்கையை எல்லாம் எரராக்குற கொடியைப் போட்டு வெச்சிருந்தா மட்டும் அங்கயும் நிக்கும். ரெண்டாவது, பழையது இல்லாம முடியவே முடியாதுன்னா, /ஆப்ட்டுக்குள்ள தனி ஃபோல்டர்ல ஹெட்டரும் லைப்ரரியுமா ஜோடியா வெச்சு, ரெண்டு பாதையையும் ஒரே பிகேஜி-கான்ஃபிக் ஃபைல்லிருந்து வாங்கிக்கோ. பத்திரமும் நிலமும் எப்பவும் ஒரே கையிலிருந்து வரணும், சட்டம் அவ்வளவுதான். ஆனா 1.0.2-க்கு 2019 டிசம்பர் 31-ஓட பொது ஆதரவு முடிஞ்சது. அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச ஓட்டைக்கெல்லாம் காசு கொடுத்தவனுக்குத்தான் ஒட்டு கிடைச்சுது. சாவி பூட்டுற லைப்ரரியிலயே ஓட்டையோட வாழுறேன்னா, உன் இஷ்டம்.

முடிஞ்சதும் மேனேஜர் கேப்பாரு, "இத்தனை நாளா என்ன பண்ணினே"ன்னு. "ஹெட்டர் பொருந்தலை சார்"னு சொல்லிடாதே, ஒரு மணி நேர வேலைதானேன்னு நெனைச்சிடுவாரு. "க்ரிப்டோ ஸ்டேக் மாடர்னைசேஷன்"னு சொல்லு, அப்ரைசலுக்கு ஆகும். பொய்யும் இல்லை. ஆனா ரீட்மீல மட்டும் உண்மையை எழுது: எந்த வெர்ஷன், எந்தப் பேக்கேஜ், ஹெட்டர் எங்க, லைப்ரரி எங்க. ரீட்மீயை மேனேஜர் படிக்க மாட்டாரு. நீ வேற கம்பெனிக்குப் போனப்புறம் இந்தக் கோடைக் கையில வாங்கப்போற எவனோ ஒரு அப்பாவிதான் படிப்பான். அவனுக்குக் கேக்கிறதுக்கு இப்படி ஒரு மாமன் இருக்கணும்னு கட்டாயம் இல்லையே.